‘முதல்ல வெயிட்டைக் குறைங்க’: பருத்த உடம்போடு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

காதுவலி என்று போனாலும் எடை, கால் சுளுக்கு என்று போனாலும் எடை. பருத்த உடம்புக்காரர் நாற்காலியில் உட்கார்வதற்குள்ளேயே நோய் இன்னதென்று பாதி முடிவாகிவிடுகிறது. இதனால் இரண்டு கேடு. உள்ளே இருக்கும் வேறு நோய் கண்ணில் படாமல் போகிறது. இந்தப் பேச்சைக் கேட்க மனமில்லாமல், போகவேண்டிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. 2018-இல் கனடாவில் ஒரு பெண்மணியின் மரண அறிவிப்பு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சில ஆண்டுகளாக உடம்பு சரியில்லை என்று மருத்துவர்களிடம் அலைந்தவருக்கு எடையைக் குறைக்கும் ஆலோசனைதான் கிடைத்தது. கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. ‘பருமன் ஒன்றுதான் உங்கள் பிரச்சினை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்’ என்பதை மற்றப் பெண்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல இந்தக் குறிப்பு எழுதப்படவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் தேய்மானம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது எல்லாம் எடை கூடக் கூட அதிகம் வருபவைதான். ஆனால் அதே காரணத்தால்தான் பருத்தவரைக் கூடுதல் கவனத்தோடு பரிசோதிக்க வேண்டும், நடப்பதோ தலைகீழ். இங்கே சொல்லியிருப்பதெல்லாம் ஒரே ஒரு காரியத்துக்காக: அதே தொந்தரவோடு வரும் ஒல்லியானவருக்கு என்ன பரிசோதனை நடக்குமோ, அது உங்களுக்கும் சரியான கருவியில் நடக்க வேண்டும்.

வார்த்தையைப் பற்றி ஒன்று. அமெரிக்காவில் 1969-இல் பருத்தவர்களின் உரிமைக்காக பில் ஃபேப்ரி என்ற பொறியாளர் தொடங்கிய ‘நாஃபா’ அமைப்பின் காலத்திலிருந்து, பருத்த உடம்பை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று போராடும் ‘பருமன் ஏற்பு’ இயக்கத்தார் ‘ஃபேட்’ என்ற சொல்லையே தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். உயரம், குள்ளம் மாதிரி அதுவும் ஓர் அடையாளம், அவ்வளவுதான் என்றார்கள். தமிழில் ‘குண்டு’ அப்படி மீட்கப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி அதில் இன்னும் வலிக்கிறது. ஆகவே இங்கே ‘பருத்த உடம்பு’ என்றே சொல்லியிருக்கிறோம். உங்களுக்கு எது கூச்சமில்லையோ அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்புமுன்

ஒரு தாளில் எழுதுங்கள்: தொந்தரவு என்ன, எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். கடைசியில் ‘இன்று கேட்க வேண்டியவை’ என்று மூன்று வரி. மூன்றுக்கு மேல் போனால் ஐந்து நிமிடத்தில் எதுவும் தேறாது. எடைப் பேச்சு வந்தால் நினைத்து வந்தது மறந்துபோகும், தாள் மறக்காது.

ஒரு தையல் டேப் எடுத்துப் புஜத்தின் சுற்றளவை அளந்து அதே தாளில் குறியுங்கள். தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே, கையைத் தொங்கவிட்டு, டேப் சதையை அழுத்தாமல் அளக்க வேண்டும். இந்த ஒரு எண் எதற்கு என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். ஆனால் வழியிலேயே சொல்லிவையுங்கள்: டாக்டர் எடையைப் பற்றிப் பேசும்போது ‘நானும் இதைத்தான் சொல்றேன் டாக்டர், கேக்கவே மாட்டேங்குறா’ என்று ஒத்து ஊதக் கூடாது. அவர் வேலை எழுதிக்கொள்வது, விட்டுப்போன கேள்வியை நினைவுபடுத்துவது. அம்மாவோ கணவரோ இதைச் செய்யமாட்டார் என்று தெரிந்தால் தோழியை அழைத்துப் போவது நல்லது.

மேல்துணி தளர்வாக இருக்கட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தால், சுருண்ட துணி கயிறு மாதிரி கையைக் கட்டிவிடும். வரும் எண் தப்பு. படுக்கவைத்துப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் மருத்துவமனை கவுன் போதாமல் போகலாம். முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டியோ லுங்கியோ பையில் இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை.

எடை பார்க்கும் இயந்திரம்

நுழைந்ததும் ‘ஏறி நில்லுங்கம்மா’ என்பது வழக்கம். பெரும்பாலும் வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க. எண்ணையும் உரக்கச் சொல்வார்கள். தொண்டை வலிக்கு எடை தேவையில்லை. ‘இன்னைக்கு இது தேவைப்படுமா சிஸ்டர்? டாக்டர் கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகரலாம். அமெரிக்காவில் இதற்காகவே சீட்டு அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள்; நம் ஊரில் வாயால் சொன்னாலே போதும்.

ஆனால் எடை உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கே மறுக்காதீர்கள்: மயக்க மருந்து கொடுக்குமுன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போல எடைக்கேற்ற அளவில் தரும் மருந்துகளுக்கு, கீமோதெரபிக்கு, கர்ப்ப காலத்தில், டயாலிசிஸில், இதயம் பலவீனமானவர்களுக்கு. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல. உடம்பில் தங்கும் நீர், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இப்படி அவசியமான நேரத்திலும் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. ‘சீட்டுல எழுதிக்குங்க, வெளிய சொல்லாதீங்க’ என்று கேட்கலாம். இயந்திரத்தின் உச்ச அளவையும் பாருங்கள். வீட்டுக்கு வாங்கும் சாதாரண இயந்திரங்கள் பல 150 அல்லது 180 கிலோவோடு நின்றுவிடும். அதற்குமேல் இருப்பவரை ஏற்றினால் ‘எரர்’ என்று வரும். மருந்தின் அளவு குத்துமதிப்பாகிவிடும்.

ரத்த அழுத்தம்: அதிகம் தவறு நடக்கும் இடம்

கையில் சுற்றும் பட்டையை ‘கஃப்’ என்கிறோம். அதற்குள் காற்று நிரம்பும் பை இருக்கிறது. அந்தப் பையின் நீளம் புஜச் சுற்றளவில் 80 சதவீதமாவது, அகலம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். 40 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு 32 செ.மீ. நீளப் பை வேண்டும் என்று கணக்கு. பை சின்னதாக இருந்தால் அழுத்தம் கையின் உட்புறம் வரை சீராகப் பரவாது. ரத்தக்குழாயை மூடக் கூடுதல் காற்று அடிக்க வேண்டியிருக்கும். எண் உயர்ந்து நிற்கும். உயர்வது ரத்த அழுத்தம் அல்ல, கஃபின் போதாமை.

எவ்வளவு உயரும்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 195 பேரிடம் அளந்து 2023-இல் வெளியிட்ட முடிவு இது. பெரிய கஃப் தேவைப்படுபவருக்குச் சாதாரண கஃபைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 4.8 கூடுகிறது. மிகப் பெரிய கஃப் தேவைப்படுபவருக்கோ 19.5 கூடுகிறது. அதாவது உண்மையில் 125 உள்ளவர் சீட்டில் 144 ஆகிவிடுவார். அன்றிலிருந்து தேவையில்லாத மாத்திரை, எழுந்தால் தலைசுற்றல், ‘எடையால் பிபி வந்துவிட்டது’ என்ற பட்டம்.

பெரியவர்களுக்கான கஃப் அளவுகள்: புஜச் சுற்றளவு 22 முதல் 26 செ.மீ. வரை சிறிது, 27 முதல் 34 வரை சாதாரணம், 35 முதல் 44 வரை பெரிது, 45 முதல் 52 வரை தொடைக்கான கஃப். தானியங்கி இயந்திரங்களில் கணக்குச் சற்று மாறும். கூடவே வரும் கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது, 22 முதல் 42 வரை பொருந்தும் அகலக் கஃபைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கஃபின் மேலேயே இரண்டு கோடுகளுக்கு நடுவே ‘ரேஞ்ச்’ என்று அச்சிட்டிருக்கும். சுற்றும்போது கஃபின் விளிம்புக்கோடு அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்தக் கஃபில் அளந்த எண்ணை ஏற்க வேண்டாம்.

‘சிஸ்டர், என் கை 38 சென்டிமீட்டர். பெரிய கஃப் இருக்கா?’ என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ‘கொஞ்சம் பெருசா இருந்தா பரவாயில்ல’ என்று குழைந்தால் ‘இதுவே போதும்மா’ என்று முடித்துவிடுவார்கள். இல்லை என்று பதில் வந்தால், சாதாரண கஃபில் எடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘கஃப் அளவு பொருந்தவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். மருந்து தொடங்குமுன் சரியான கஃபில் இன்னொரு நாள் அளந்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் மேல் எண் 180-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கம் மரத்துப்போவது போன்றவையும் இருந்தால் கஃபைப் பற்றி வாதாட நேரமில்லை, சிகிச்சை முதலில்.

புஜம் மேலே பருத்து முழங்கை நோக்கிச் சட்டென ஒடுங்குபவர்களுக்குப் பெரிய கஃபும் நழுவும். அப்போது முன்னங்கையில் கட்டி, கையை இதயத்தின் உயரத்தில் வைத்து அளப்பதுண்டு. அதில் மேல் எண் சற்றுக் கூடித்தான் காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மற்ற விதிகள் எல்லோருக்கும் பொது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும், அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது, அளக்கும்போது பேசக் கூடாது. பருத்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல்: பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் தொடை நெருக்கிக்கொண்டு, முன்விளிம்பில் தொற்றி உட்கார்ந்திருந்தால் முதுகுக்குச் சாய்மானம் கிடைக்காது. பிடியில்லாத ஸ்டூலைச் சுவரோரம் போட்டுச் சாய்ந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிபி பார்க்கிறார்கள். பெரிய கஃபை நீங்களே வாங்கி வைத்திருந்தால், அவர்கள் எடுத்த எண்ணோடு உங்கள் எண்ணையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

மருத்துவரின் முன்னால்

வந்த காரியத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எடையில் பேச்சு நின்றுவிட்டால், சண்டை வேண்டாம், இந்த மாதிரி:

‘எடையைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம் டாக்டர். இன்னைக்கு இந்த முட்டி வலிக்காக வந்திருக்கேன். இதே வலியோட ஒல்லியா ஒருத்தர் வந்தா என்னென்ன பாப்பீங்களோ, அதை எனக்கும் பாத்துடுங்க.’

பல நாடுகளிலும் பருமன் ஏற்பு இயக்கத்தார் சொல்லித்தரும் கேள்வி இதுதான். மருத்துவரைக் குற்றம் சாட்டாமல் அவருடைய படிப்பையே நினைவூட்டுவதால் வேலை செய்கிறது. நல்ல மருத்துவர்கள் ஒரு கணம் யோசித்துவிட்டு முட்டியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வீக்கம், சூடு, எந்த அசைவில் வலி என்று சோதிப்பார்கள். அப்போதும் ‘டெஸ்ட் எல்லாம் வேண்டாம்’ என்றால் அடுத்த வாக்கியம்: ‘சரிங்க டாக்டர், இந்த டெஸ்ட் இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணினதையும் காரணத்தையும் சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க.’ எழுத வேண்டும் என்றால் யோசனை மாறுவதும் உண்டு. எழுதியே தந்தாலும் இழப்பில்லை. இரண்டாவது மருத்துவரிடம் போக அது கையில் இருக்கும்.

கீழ்க்கண்டவற்றை எடையின் கணக்கில் எழுதிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

முயலாமலே எடை குறைவது. ஒல்லியானவருக்கு இது நடந்தால் பதறுவார்கள். பருத்தவருக்கு நடந்தால் ‘சூப்பர், என்ன டயட்?’ என்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் ஐந்து சதவீதம் தானாகக் குறைந்தால் (90 கிலோ இருப்பவருக்கு நாலரைக் கிலோ) காசநோய், புற்றுநோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, தைராய்டு என்று தேடிப் பார்க்க வேண்டும்.

வயிறு மட்டும் பெருப்பது. கை கால் அப்படியே இருக்க, வயிறு சில மாதங்களில் உப்பி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துபோனால் அது தொந்தி என்று விடக் கூடாது. சினைப்பைக் கட்டியோ வயிற்றில் நீர்க்கோர்ப்போ இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் கேளுங்கள்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீரென்று மூச்சிரைப்பு, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு. முதலிரண்டும் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும்.

கொஞ்ச காலத்தில் முகமும் வயிறும் வேகமாகப் பருத்து, வயிற்றில் அகலமான ஊதாநிறக் கோடுகள் விழுவது. ஸ்டீராய்டு மருந்தாலோ சுரப்பிக் கோளாறாலோ வரும். ஆஸ்துமா, மூட்டுவலிக்கு எங்கோ வாங்கிச் சாப்பிடும் பெயர் தெரியாத பொடியிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டு காலும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சமமாகப் பருத்து, தொட்டால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றிப்போய், பாதம் மட்டும் ஒல்லியாகவே இருந்தால் ‘லிப்பிடீமா’வா என்று கேளுங்கள். பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1940-இலேயே விவரித்த நோய்; பட்டினி கிடந்தாலும் அந்தக் கால் இளைக்காது. இன்றும் பல மருத்துவர்களுக்குப் பழக்கமில்லாத பெயர்.

பிஎம்ஐ எண்ணைக் காட்டி விவாதம் முடிக்கப்பட்டால் சில விவரங்கள் கையிலிருக்கட்டும். எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கும் அந்தக் கணக்கு, 19-ஆம் நூற்றாண்டில் கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர் மக்கள்தொகையை ஆராயப் போட்டது. இப்போதைய பெயர் 1972-இல் ஆன்செல் கீஸ் வைத்தது. எல்லைக்கோடும் ஊருக்கு ஊர் மாறும். 160 செ.மீ. உயரமும் 65 கிலோவும் உள்ள பெண்ணுக்கு பிஎம்ஐ 25.4. உலகப் பொது அளவில் அவர் ‘கூடுதல் எடை’. 25-க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கும் இந்திய அளவில் ‘பருமன்’ நோயாளி. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால் கோட்டை இறக்கினார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் 2025 ஜனவரியில் வெளியான, ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கை, ஒரு தனிநபருக்கு நோய் உண்டா இல்லையா என்று பிஎம்ஐ-யை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டாம் என்கிறது. இடுப்புச் சுற்றளவு போன்ற இன்னொரு அளவும், உறுப்புகளின் வேலை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே கேட்க வேண்டியது: ‘என்னோட சுகர், கொழுப்பு, லிவர், பிபி ரிசல்ட்ல எது சரியில்ல டாக்டர்?’

மருத்துவரோடு மருத்துவத்தின் மொழியிலேயே பேசும் இந்த வழி புதிதல்ல. 1967-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 500 பேர் கூடி டயட் புத்தகங்களை எரித்தது ஒரு வகைப் போராட்டம். 1970-களில் லாஸ் ஏஞ்சலிஸில் இயங்கிய ‘ஃபேட் அண்டர்கிரவுண்ட்’ பெண்கள் வேறு வகை: மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து ஆய்விதழ்களைப் படித்து, அவற்றிலிருந்தே கேள்வி கேட்டார்கள். அவர்களில் ஜூடி ஃப்ரீஸ்பிரிட்டும் ஆல்டபரானும் 1973 நவம்பரில் எழுதிய விடுதலை அறிக்கை, மனித மரியாதையையும் சம உரிமையையும் கேட்டதோடு, எடைக்குறைப்பு வியாபாரத்தைப் பெயர் சொல்லியே எதிர்த்தது.

ஊசி

தசைக்குள் போக வேண்டிய மருந்து கொழுப்பிலேயே நின்றுவிட்டால் சரியாக உறிஞ்சப்படாது. தோளில் போடும் தடுப்பூசிக்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அளவு: 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் ஒன்றரை அங்குல, அதாவது 38 மி.மீ. ஊசி. ஒரு அங்குல ஊசி போதாது.

நம் ஊரில் இடுப்பில் ஊசி போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பருத்தவர்களுக்கு அங்கே போடும் ஊசி பெரும்பாலும் தசையைத் தொடுவதில்லை என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாய்க்கடித் தடுப்பூசியை ஒருபோதும் இடுப்பில் வாங்கிக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்கு அது தோளில்தான். ஹெபடைடிஸ் பி-யும் அப்படியே.

ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை என்று குத்திக் குத்தித் தேடுவதற்கு முன், தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கையைத் தொங்கவிட்டு வெதுவெதுப்பான துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். முந்தைய முறை எந்த இடத்தில் கிடைத்தது என்று சொல்லுங்கள், புறங்கையாகவும் இருக்கலாம். இரண்டு முறை தவறினால் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசியோடு சேராவிட்டாலும் இதையும் இங்கேயே சொல்லிவிடலாம்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசரக் கருத்தடை மாத்திரை 70 கிலோவுக்கு மேல் அல்லது பிஎம்ஐ 26-க்கு மேல் உள்ளவர்களுக்குப் பலன் குறையலாம். பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் இவர்களுக்கு இரட்டை அளவு சொல்லப்படுகிறது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் எடை ஒரு பொருட்டே அல்ல. மருந்துக்கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

ஸ்கேன்

ஸ்கேன் மையத்துக்குப் போன் செய்து மூன்று கேள்வி: மேசை எத்தனை கிலோ தாங்கும், படுத்தபடி உள்ளே நுழையும் துளையின் விட்டம் எவ்வளவு, அகலமான கவுன் இருக்கிறதா. பழைய எம்ஆர்ஐ இயந்திரங்களின் துளை 60 செ.மீ.; ‘வைட் போர்’ எனப்படுவது 70 செ.மீ. சிடி ஸ்கேனில் 70-க்குக் குறைவது அரிது, அதனால் எம்ஆர்ஐ-யில் நுழையமுடியாதவர் சிடியில் தாராளமாக நுழையலாம். சுவரில் முதுகை ஒட்டி நின்று, கைகளைப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ளது உங்கள் அகலம். துளை வட்டம், அதன் அடிப்பகுதியை மேசை அடைத்துக்கொள்ளும் என்பதால் வயிற்றின் உயரமும் முக்கியம்; படுத்தால் சதை பக்கவாட்டில் பரவும் என்பதால் 60-க்கு 58 என்று இருந்தால் 70-ஐத் தேடுங்கள். பக்கம் திறந்த எம்ஆர்ஐ சில இடங்களில் உண்டு. அதில் காந்தப்புலம் பெரும்பாலும் குறைவு, படம் அவ்வளவு தெளிவாக வராது. மருத்துவருக்கு அது போதுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எம்ஆர்ஐ-க்குள் உடம்பு துளையின் சுவரைத் தொட்டாலோ, தோலும் தோலும் ஒட்டிக்கொண்டிருந்தாலோ சூட்டுக்காயம் வரலாம். கைக்கும் இடுப்புக்கும் நடுவே, தொடைகளுக்கு நடுவே, பக்கங்களில் மெத்தைத் துண்டு வைக்கச் சொல்லுங்கள். ‘இடம் இல்ல, அப்படியே படுங்க’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சின்ன இயந்திரம் என்பதற்கான அறிகுறி. ஜரிகை, ஊக்கு, கொக்கி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் உட்சுவர்கள் சரிந்து மறைப்பதால் ‘தெரியல, விட்டுடலாம்’ என்று முடிப்பதுண்டு. உட்சுவரை விலக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பெகுலத்தில் நீளமானதைக் கேளுங்கள். ஆணுறையின் நுனியை வெட்டி ஸ்பெகுலத்தின் மேல் மாட்டினால் பக்கச்சுவர் உள்ளே சரியாது. இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை வைத்தாலும், ஒருக்களித்துப் படுத்தாலும் பார்வை கிடைக்கும்.

அறுவை சிகிச்சை என்றால்

மயக்க மருத்துவரை முன்கூட்டியே சந்திக்கக் கேளுங்கள். குறட்டை, உறக்கத்தில் மூச்சு நிற்பது, பகலில் தூங்கி விழுவது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டால் ஆபத்து. எடைக்குறைப்புக்காக செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசி போட்டுக்கொள்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாவதால், பட்டினி கிடந்தும் உள்ளே உணவு இருந்து மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். பலர் வீட்டுக்குத் தெரியாமல் போட்டுக்கொள்கிறார்கள். மயக்க மருத்துவருக்காவது தெரிய வேண்டும்.

மயக்கம் கொடுக்கும்போது தலையும் தோளும் உயர்த்தி வைப்பது பருத்தவர்களுக்கு மூச்சுவிட எளிது. மட்டமாகப் படுக்கவைத்தால் மூச்சடைக்கிறதென்று சொல்லுங்கள். ரத்தக்கட்டியைத் தடுக்கும் ஊசி என் எடைக்கு ஏற்ற அளவுதானா என்று கேளுங்கள். கால் இறுக்க உறையை அளந்துதான் போட வேண்டும். சின்ன உறை தொடையில் சுருண்டு கயிறாகி, எதைத் தடுக்கப் போட்டார்களோ அதையே வரவழைக்கும்.

‘இந்த பிஎம்ஐ-க்கு மேல் ஆபரேஷன் செய்யமாட்டோம்’ என்றால், தடை எது என்று பிரித்துக் கேளுங்கள்: மயக்கமா, காயம் ஆறுவதா, மேசையின் தாங்கும் திறனா? மேசைதான் காரணம் என்றால் வேறு மருத்துவமனை தீர்வு, எடைக்குறைப்பு அல்ல.

முறையிட

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976-லேயே எடையை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. நியூயார்க் நகரம் 2023-இல் செய்தது. இந்தியாவில் அப்படிச் சட்டமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளிலும் பருமன் இல்லை. ஆகவே ‘பாகுபாடு’ என்று எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். ‘பரிசோதனை செய்யப்படவில்லை’, ‘தவறான கஃபில் அளந்து மருந்து தரப்பட்டது’ என்று சேவைக் குறைபாட்டின் மொழியில் எழுதுங்கள்.

முதலில் மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பதும், இரண்டாவது கருத்துக் கேட்பதும் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இருக்கின்றன. அரசு மருத்துவமனை என்றால் 104 அல்லது முதல்வரின் உதவி எண் 1100. கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. மருத்துவரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்.

கிளினிக் நடத்துபவர்களுக்கு

பெரிய மருத்துவமனையின் செலவு எதுவும் தேவையில்லை. காத்திருக்கும் இடத்தில் பிடியில்லாத பெஞ்சு ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலிதான் என்றால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போடுங்கள். ஒற்றை நாற்காலியின் கால் வழுக்கும் டைல்ஸில் விரிந்துதான் உடைகிறது, ஆள் விழுவதும் அப்போதுதான். 200 கிலோவாவது தாங்கும் எடை இயந்திரத்தை வராந்தாவிலிருந்து உள்ளறைக்கு நகர்த்துங்கள். சாதாரண சக்கர நாற்காலியின் இருக்கை 18 அங்குலம். 22 அல்லது 24 அங்குலத்தில் ஒன்று வேண்டும், வாங்குமுன் உங்கள் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பரிசோதனைப் படுக்கைக்கு அசையாத படி. 38 மி.மீ. ஊசி ஒரு பெட்டி.

பெரிய கஃபும் தொடைக் கஃபும் வாங்கினால் அலமாரியில் பூட்டாமல், சாதாரண கஃப் தொங்கும் அதே ஆணியில் தையல் டேப்போடு தொங்கவிடுங்கள். நர்ஸ் எல்லோருக்கும், ஒல்லியானவருக்கும் சேர்த்து, முதலில் கையை அளக்கட்டும். எண் எதைச் சொல்கிறதோ அந்தக் கஃபை மாட்டட்டும். அப்போது யாரும் வாய்திறந்து ‘பெருசு இருக்கா’ என்று கேட்க வேண்டியிருக்காது.